இருபது கிலோ அரிசியும் டூரிங் சைக்கிளும்

சாதாரண சைக்கிள் விற்பவனுக்கு வாடிக்கையாளரின் கால் நீளம் தெரிந்தால் போதும்; மூட்டை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிற டூரிங் சைக்கிள் விற்பவனுக்கு அவர் தலைக்குள் கட்டி வைத்திருக்கும் மூட்டையும் தெரிந்தாக வேண்டும்.

அடுகோடியில் ஒரு சைக்கிள் கடையில் ஏழு வருஷமாக விற்பனையாளனாக இருக்கிறேன். கவுன்டருக்குப் பின்னால் நின்று எதையாவது விற்றுப் பிழைத்தவர்களுக்கு நான் சொல்லப்போவதெல்லாம் தெரிந்த வலிதான். ஒரு வித்தியாசம் உண்டு. துணிக்கடையில் தப்பான சைஸைக் கொடுத்துவிட்டால் மறுநாள் மாற்றிக்கொள்ளலாம். கூடாரமும் அடுப்பும் படுக்கையுமாக மலைப்பாதையில் போகிறவருக்குத் தப்பான சைக்கிளைக் கொடுத்தால் எலும்பு முறியும். அந்தப் பயம் எனக்கு எப்போதும் உண்டு.

கலர் மேட்சிங்

ஐடி கம்பெனி இளைஞர் ஒருவர் வந்தார். முதல் கேம்பிங் பயணம், பத்து நாள், பதினெட்டு கிலோ சாமான் என்று கணக்காகச் சொன்னார். விவரமான ஆள் என்று மகிழ்ந்துபோய், ஸ்டீல் ஃப்ரேமும் அகலமான டயரும் உள்ள வண்டியைக் காட்டினேன். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய பந்தய சைக்கிளைக் கைகாட்டினார். விரல் அகலத்துக்கு டயர், கேரியர் மாட்ட ஒரு ஓட்டைகூடக் கிடையாது. ஏன் அது என்று கேட்டால், அவருடைய டென்ட்டும் அதே பச்சையாம். போனில் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டவும் செய்தார்.

சாமானை எங்கே வைப்பீர்கள் என்றேன். முதுகில் என்றார். பதினெட்டு கிலோவை முதுகில் சுமந்துகொண்டு, குனிந்தபடி, பத்து நாள்! கேட்ட எனக்கே இடுப்பு பிடித்துக்கொண்டது. கேரியர் இல்லாத வண்டியில் போகாதீர்கள் என்று கெஞ்சினேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“அண்ணா, சொன்னா புரிஞ்சுக்கோங்க. போட்டோல கேரியர் அசிங்கமா தெரியும்.”

அரிசி வந்த கதை

இனி வாய்ப்பேச்சு வேண்டாம் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். எதிர் மளிகைக் கடையில் பத்துக் கிலோ சோனா மசூரி இரண்டு பை வாங்கி வைத்தேன். டூரிங் சைக்கிள் கேட்டு யார் வந்தாலும், அதைப் பின் கேரியரில் பக்கத்துக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டு, கடைக்குப் பின்னாலிருக்கும் மேட்டுத் தெருவில் ஏறிக் காட்ட வேண்டும். எந்த வண்டி யாருக்கு என்று மேடே சொல்லிவிடும். தெரு ஒன்வே என்பதால் திரும்பும்போது ஓட்டி இறங்க முடியாது. ஓரமாகத் தள்ளிக்கொண்டு வரச் சொல்வேன். இந்தச் சோதனையைக் கண்டுபிடித்ததில் எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

‘அரிசி எதற்கு, என் சாமானே இருக்கிறது’ என்று மல்லேஸ்வரத்திலிருந்து ஓய்வுபெற்ற அரசு அதிகாரி ஒருவர் ஆட்டோவில் வந்து இறங்கினார். மூன்று லிட்டர் குக்கர், மடக்கு நாற்காலி, இரண்டு தலையணை, இன்னும் என்னென்னவோ. எடை போட்டால் நாற்பத்திரண்டு கிலோ. கேரியர் தாங்குவது இருபத்தைந்து. எனக்கு வியர்த்துவிட்டது. எதையாவது குறையுங்கள் சார் என்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து டூத் பிரஷ் ஒன்றை எடுத்து நீட்டினார். அதற்குப் பாதிக் கைப்பிடி இல்லை.

“வெயிட்டெல்லாம் ஏற்கெனவே குறைச்சாச்சுப்பா. பிரஷ்ஷைப் பாதியா அறுத்துட்டேன், குக்கருக்கு ஈடாயிடும்.”

குதிகால்

ஆறடிக்கு மேல் உயரமான ஜிம் மாஸ்டர் ஒருவருக்குப் பன்னிரண்டாம் நம்பர் ஷூ. பின்பக்கம் குட்டையான ஒரு வண்டிதான் வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றார். மிதிக்கும்போது குதிகால் மூட்டையில் இடிக்கும் என்று மூன்று தடவை சொன்னேன். கேட்கவில்லை. மேட்டில் பாதி ஏறும்போதே பை கிழிந்து, தெரு முழுக்க அரிசி. பின்னால் வந்த ஸ்கூட்டர்கள் ஒவ்வொன்றாகப் பிரேக் போட்டன. யாரும் விழாதது நான் செய்த புண்ணியம். துடைப்பத்தோடு ஓடிய என்னைப் பார்த்து, அரிசி விற்ற மளிகைக்காரர் வாசலில் நின்றபடி கேட்டார்.

“ஏன் குரு, நீ சைக்கிள் விக்கிறியா, இல்ல நடுரோட்ல கல்யாணம் பண்ணி வெச்சு அட்சதை போடுறியா?”

ஸ்டெல்லா அக்கா

இதுவரை சொன்னதெல்லாம் வாடிக்கையாளர்கள் எனக்குக் கொடுத்த அதிர்ச்சி. இனி வருவது என்னால் வந்தது.

ஸ்டெல்லா அக்கா எங்கள் மர்பி டவுன்காரர். பிறந்தது கோலார் தங்கவயல். முப்பது வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றதும், தனியாகச் சைக்கிளில் ஒகேனக்கல் போய்க் காவிரிக் கரையில் கூடாரம் போட்டுத் தங்க வேண்டும் என்று வந்தார். சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டார். நான் எடுத்துக் கொடுத்தது, மேடு ஏறச் சுலபமான சின்னப் பல்சக்கரம் உள்ள ஸ்டீல் வண்டி, அகல டயர், நீளமான பின்பக்கம். இருபது கிலோ அரிசியோடு மேட்டில் ஏறி, பேசிக்கொண்டே திரும்பினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சாமானெல்லாம் பின்னால், கூடாரம் அதன் மேலே என்று நானே கட்டியும் காட்டினேன்.

இரண்டு வாரம் கழித்து முழங்கையில் கட்டோடு வந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒகேனக்கல் போகும் வழியில், அஞ்செட்டி மலையிறக்கத்தில் வேகம் எடுத்ததும் ஹேண்டில் பார் தானாக ஆடத் தொடங்கியிருக்கிறது. பிடிக்கப் பிடிக்க ஆட்டம் கூடியிருக்கிறது. எதிரே பஸ். ஓரத்து மண்ணில் வண்டியை விட்டு விழுந்ததால் தப்பித்தார். சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டில் இரு என்று மகள் சொல்லிவிட்டாளாம். அதைச் சொல்லும்போதுதான் அக்காவின் குரல் உடைந்தது. பாரமெல்லாம் பின்னால் இருந்தால் முன்சக்கரம் இறக்கத்தில் நிலைகொள்ளாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் அரிசி மூட்டை எத்தனையோ பேரோடு மேடு ஏறியிருக்கிறது. ஒருவரோடும் ஓட்டி இறங்கியதில்லை.

“தம்பி, நீ எந்த மலையில இப்படி மூட்டை கட்டிகினு எறங்கின?” என்று கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை. நான் சைக்கிளில் போன தூரமெல்லாம் கடைக்கும் மர்பி டவுனுக்கும் நடுவில்தான். கூடாரத்தில் ஒரு நாள்கூடப் படுத்ததில்லை என்றேன். அக்கா திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

“அப்போ ஏழு வருசமா நீ போவாத ஊருக்கு எங்களுக்கு வழி சொல்லிகினு இருந்தியா?”

அஞ்செட்டி

முன்சக்கரத்தின் இரண்டு பக்கமும் தாழ்வாகக் கேரியர் மாட்டி, பாரத்தைப் பிரித்துக் கட்டினேன். சரியாகிவிட்டது அக்கா என்றேன். அக்கா நம்பவில்லை, நம்புவதற்கு என்ன இருக்கிறது? நீ முதலில் இறங்கிக் காட்டு, அப்புறம் மகளிடம் பேசுகிறேன் என்றார். ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை மூட்டையோடு டெம்போவில் ஏற்றிக்கொண்டு அதே மலைக்குப் போனோம்.

அவர் விழுந்த அதே இறக்கம். மேலே நின்று பார்த்தேன். இந்தச் சாலைக்கா, பின்னால் அரிசியைக் கட்டி, நல்லபடியாகப் போய்வாருங்கள் என்று இத்தனை பேரை அனுப்பினேன்! அவர்களுடைய முகமெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. அக்கா முன்னால் டெம்போவில் போய்க் கீழே நின்றுகொண்டார். நான் பிரேக்கை விட்டேன். காது அடைத்தது, கண்ணில் நீர் வழிந்தது, ஆனால் ஹேண்டில் ஆடவில்லை. கடைசி வளைவு தாண்டியும் ஆடவில்லை. அக்கா பக்கத்தில் போய் நின்று இறங்கினேன். அவர் ஹேண்டிலைத் தொட்டுப் பார்த்தார், முன்சக்கரத்தை உருட்டிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். முப்பது வருஷ நர்ஸ் அல்லவா, என் மணிக்கட்டைப் பிடித்து நாடியும் பார்த்தார்.

“வண்டி ஆடல, நான் ஒகேனக்கல் போறேன். உன் முட்டிதான் இந்த ஆட்டம் ஆடுது, நீ டெம்போல ஏறு.”

இப்போதெல்லாம் பழைய வாடிக்கையாளர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்து முன் கேரியர் மாட்ட வரச் சொல்கிறேன். கடையில் என் பேச்சு பாதியாகக் குறைந்துவிட்டது, வியாபாரம் மட்டும் ஏனோ குறையவில்லை.