நான் அடிக்கல்லாக நடித்த திருவிழா

நான் முதன்முதலில் மேடை ஏறியது ஒரு கல்லாக. அதுவும் சாதாரணக் கல் இல்லை, அடிக்கல்.

எங்கள் கடற்கரை ஊரில் மாதா கோயில் திருவிழா முடிவதற்கு முந்தின நாள் நாடகம் போடுவது வழக்கம். ஏதாவது ஒரு புனிதரின் வரலாறாக இருக்கும். புனிதர் சாவதற்குள் பாதிச் சனம் மணலிலேயே தூங்கிவிடும். அந்த வருடம் நாடகம் எழுதும் பொறுப்பை என் அத்தை கேட்டு வாங்கினாள்.

அத்தை, அப்பாவின் தங்கை. நர்சிங் முடித்துவிட்டு குவைத்துக்குப் போகக் காத்திருந்தாள். வேலை உறுதியாகிவிட்டது. இவள் பேரில் வழக்கு எதுவும் இல்லை என்று போலீஸ் தரும் சர்டிபிகேட் மட்டும் வரவேண்டும். போய்ச் சேர்ந்ததும் எனக்குச் சக்கரம் வைத்த பள்ளிக்கூடப் பை அனுப்புவதாகப் பேச்சு. ஆகவே அந்த சர்டிபிகேட்டுக்காக நானும் உருக்கமாக ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன்.

நாடகத்தின் கதை எங்கள் ஊருக்குத் தெரிந்ததுதான். ஆனி, ஆடியில் கடல் ஏறிவந்து முன்வரிசை வீடுகளை எடுத்துக்கொண்டு போகும். அதைத் தடுக்கக் கடலுக்குள் பாறை அடுக்கித் தூண்டில் வளைவு கட்டித் தருவதாகச் சொல்லி ஆளுங்கட்சித் தலைவர் வருவார். அடிக்கல் நாட்டுவார். பக்கத்தில் நிற்கும் போட்டோக்காரரிடம் "எடுத்தாச்சா?" என்று கேட்பார். எடுத்தாச்சு என்றதும் காரில் ஏறிவிடுவார். பிறகு கடல் அந்தக் கல்லையும் எடுத்துக்கொள்ளும். அடுத்த தேர்தலுக்கு மறுபடி வருவார்.

அத்தை வேட்டி கட்டி, மீசை ஒட்டித் தலைவரானாள். பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டிக்குச் சாம்பல் நிறம் அடித்து, முகத்துக்கு ஒரு ஓட்டை போட்டு, அதற்குள் என்னை நிறுத்தினாள். நீலச் சேலை விரித்த பிள்ளைகள் அலைகளாக வந்து என்னை இழுத்துக்கொண்டு போவார்கள். தலைவர் திரும்பவும் கொண்டுவந்து நடுவார். எனக்கு இருந்தது ஒரே வசனம்: "ஐயா, பழைய தேதியை அழிச்சிட்டு எழுதுங்க. நான் அதே கல்லுதான்."

கோயில் நிர்வாகத்தினர் விவரம் தெரியாமல் அந்த நிஜத் தலைவரையே சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தார்கள். முன்வரிசையில் அவர்தான் முதலில் சிரித்தார். எதிர்க்கட்சிக்காரரைச் சொல்வதாக நினைத்திருப்பார், பாவம். அத்தை சிமெண்ட் கரண்டியோடு திரும்பி, அவருடைய குரலிலேயே "எடுத்தாச்சா?" என்று கேட்டதும் மொத்த மைதானமும் அவரைப் பார்த்துச் சிரித்தது. அவர் சிரிப்பு அதோடு நின்றது. விடிவதற்குள் நாடகம் வாட்ஸ்அப்பில் துபாய் வரைக்கும் போய்விட்டது.

மறுநாள் காலையில் தலைவரை இழிவுபடுத்திவிட்டதாக அவருடைய ஆட்கள் புகார் கொடுத்தார்கள். அத்தையோடு அப்பாவும் நானும் ஸ்டேஷனுக்குப் போனோம். எல்லாம் சின்னப்பிள்ளைகள் விளையாட்டு என்று காட்டத்தான் என்னைக் கூட்டிப்போனது. பெட்டியையும் எடுத்து வரட்டுமா என்று கேட்டதற்கு அப்பா முறைத்தார்.

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர்தான். ஒரு வெள்ளைத்தாளை அத்தை பக்கம் தள்ளினார்.

"இது கற்பனைக் கதை, யாரையும் குறிப்பிடலைன்னு ஒரு வரி எழுதிக் குடும்மா. அனுப்பி வச்சிடுறேன்."

அப்பா அவசரமாகப் பேனாவைத் திறந்து கொடுத்தார். "எழுதிக் குடு ஏட்டி. உனக்க சர்டிபிகேட்ட நினைச்சுப் பாரு."

அத்தை பேனாவை வாங்கி, மூடி, மேசைமேல் வைத்தாள்.

"அவரைத்தான் சார் காட்டினேன். வேற ஆரையும் இல்ல."

அப்பா தலையில் கைவைத்தார். அத்தை நிறுத்தவில்லை. "அவருக்க குடும்பத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசல்ல. இல்லாததைச் சொல்லல்ல. கல்லு போட்டாரு, போனாரு. அதைச் செஞ்சு காட்டினேன். அவருக்கு ஓட்டுப் போட எனக்கு உரிமை உண்டுன்னா, அவரைப் பாத்துச் சிரிக்கவும் உரிமை உண்டு. கேலி செய்யது குத்தம்னு எந்தச் சட்டத்துல இருக்குதோ, அதைப் போட்டு எழுதுங்க."

"கேஸ் ஆயிடும்மா."

"ஆவட்டும் சார்."

ஆனது. சர்டிபிகேட் வரவில்லை, குவைத் வேலை வேறு யாருக்கோ போனது. மார்த்தாண்டத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்து, வாய்தா நாட்களில் நைட் டியூட்டி முடிந்த கையோடு கோர்ட்டுக்குப் போய் நின்றாள். ஆட்சியில் இருப்பவரை நையாண்டி செய்வது குற்றமாகாது என்று நீதிபதி சொல்லி வழக்கைத் தள்ளுபடி செய்தபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். இடையில் ஒரு திருவிழாவையும் அத்தை விடவில்லை. கோயில் மேடை தர மறுத்ததால், கரையில் ஏற்றி வைத்த வள்ளங்களுக்கு நடுவே அதே நாடகத்தைப் போட்டாள். நான் வளர வளரப் பெரிய பெட்டியாகத் தேட வேண்டியிருந்தது. தூண்டில் வளைவு மட்டும் இன்னும் வரவில்லை.

ஆனால் எனக்கு மறக்காமல் நிற்பது ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்த பஸ்தான். அப்பா எங்களோடு பேசப் பிடிக்காமல் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார். சக்கரப் பை போய்விட்டது என்பது மட்டும் எனக்குப் புரிந்திருந்தது.

"அவரு இல்லன்னு ஒரு சொல்லு சொல்லியிருக்கலாம்லா அத்தை?"

அத்தை ஜன்னலிலிருந்து திரும்பிக் கேட்டாள்: "அவரு இல்லன்னா, நேத்து ஊரு முழுக்கச் சிரிச்சது ஆரைப் பாத்து மக்கா?"

எனக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை. "என்னைப் பாத்து" என்றேன்.

அத்தை பஸ் என்றும் பாராமல் சத்தமாகச் சிரித்து என்னை மடிக்கு இழுத்துக்கொண்டாள். எனக்குக் கோபம் தாங்கவில்லை. பெட்டிக்குள் வேர்த்து விறுவிறுத்து ஊரையே சிரிக்க வைத்தவள் நான், வழக்கு மட்டும் அத்தை பேரிலா என்று, ஊர் வந்து சேரும்வரை அழுதுகொண்டே வந்தேன்.