பதினேழாம் பைல்

"பாறைம்மா அது, பாறை! கையெழுத்தப் போடுங்க..."

"உருண்டைக் கல்லு அண்ணாச்சி! மலையில இருந்து வெள்ளம் உருட்டிக் கொண்டாந்தது. அதுக்குக் கீழ களிமண்ணு. அது மேல நாலு மாடி லாட்ஜக் கட்டுனா..."

"நீங்க உள்ள இறங்கிப் பாத்தீயளோ?"

"பக்கத்துக் குழியில முப்பிடாதி தட்டிப் பாத்துச் சொன்னாரு."

"அந்தக் குடிகாரப் பய புளியறை தாண்டிக் கேரளாவுக்கு ஓடிட்டான். அவன் பேச்சும் ஒரு பேச்சா?"

இது கதை கட்டிவிட்டதில்லை. போன ஆனிச் சாரலில், இலஞ்சியில், பட்டப்பகலில் நடந்தது. என்ஜினீயர் ஜெயபிரியாவுக்கு அன்று காண்ட்ராக்டர் குற்றாலீஸ்வரன் மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

முப்பிடாதி குழி வேலைக்காரர். கான்கிரீட் போடுவதற்கு முன், இடுப்பில் கயிறு கட்டி இறங்கிக் கடப்பாரையால் அடியை மூன்று முறை தட்டுவார். 'டங்' என்றால் பாறை. 'டொம்' என்றால் கல்லுக்குக் கீழே சேறு. மூன்று வாரமாக ஆளைக் காணோம்.

அன்று பதினேழாம் பைலுக்கு, அதாவது பதினேழாம் குழியில் வார்த்த அஸ்திவாரத் தூணுக்கு, சுமைச் சோதனை. மணல் மூட்டை மேடைக்கு அடியில் ஜாக்கி வைத்துப் பைலை அழுத்தினார்கள். எவ்வளவு இறங்குகிறது என்று டயல் ஊசி காட்டும்.

மணி 2.40. மூன்று மில்லிமீட்டர். ஊசி நின்றது.

"பாத்தீயளா? சாப்பிட்டு வாரேன். கையெழுத்தப் போட்டு வைங்க." குற்றாலீஸ்வரன் ஆட்களோடு கிளம்பினார்.

மணி 3.10. ஊசி அசையவில்லை. களிமண் இப்படி நிற்காது. நேரம் போகப் போக அமுங்கிக்கொண்டேதான் இருக்கும். அப்படியென்றால்... எது தாங்குகிறது?

3.20.

டொம்.

பைலுக்குள்ளிருந்து...

டொம்... டொம்.

ஜெயபிரியா குனிந்து கான்கிரீட்டில் காதை வைத்தாள். உள்ளே யாரோ மூச்சு வாங்கினார்கள்.

"பாறை இல்ல தாயீ... நாந்தான் தாங்குதேன்."

மூச்சு.

"தோளு நோவுது..."

ஊசி சுற்றியது. ஏழு... இருபது... அறுபது...

தகரக் கொட்டகைக்கு ஓடினாள். வேலைப் பதிவேட்டைப் புரட்டினாள். அவள் லீவில் இருந்த பன்னிரண்டாம் தேதி. 'பதினேழாம் குழி. முப்பிடாதி இறங்கியது 3.20.' ஏறிய நேரம் எழுதும் கட்டம் காலி. அடுத்த வரி: 'கான்கிரீட் 3.45.' கீழே குற்றாலீஸ்வரனின் கையெழுத்து.

வாசலில் அவர் பல் குத்திக்கொண்டு நின்றார்.

"என்னம்மா, போட்டாச்சா?"

பதிவேட்டை அவர் நெஞ்சில் அடித்தாற்போல் வைத்தாள்.

"கயித்த மேல இழுத்தீயளா, அண்ணாச்சி?"