ஜீப்பில் நின்றுபோன படபடப்பு

எனக்குக் கோர்வையாக எழுத வராது. பள்ளிக்கூடம் அஞ்சாம் வகுப்போடு சரி. ஒன்றை எழுதினால் இன்னொன்று மறந்துவிடுகிறது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வார்டு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் கேட்டதால் எழுதுகிறேன். நேரில் சொல்லச் சொன்னால் எனக்கு வெட்கமாக இருக்கும்.

கொடைக்கானல் மலையில் ஒரு ஆஸ்பத்திரியில் ஈசிஜி ரூம் ஆயாவாக இருந்தேன். ஸ்க்ரீன் இழுத்துவிடுவது, கை கால் கிளிப் மாட்ட ஒத்தாசை செய்வது, ஜெல் துடைப்பது என் வேலை. அதிகம் பேசத் தேவையில்லாத வேலை. அதனாலேயே எனக்குப் பிடித்திருந்தது.

1. நல்ல பேப்பர்

ராசம்மா தாண்டிக்குடிப் பக்கம் காப்பிப் பழம் பறிக்கிறவள். அவளுடைய அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். அவளுக்கு வேலை நடுவில் திடீரென்று நெஞ்சு ஓட ஆரம்பிக்கும். கண் இருட்டும், சரிவில் அப்படியே உட்கார்ந்துவிடுவாள். ஜீப் பாண்டி ஏற்றிக்கொண்டு வருவான். எங்கள் மேஜையில் படுக்கவைத்து ஈசிஜி பேப்பர் எடுத்தால் எந்தக் குறையும் இருக்காது.

"நல்லாத்தானம்மா இருக்கு" என்பார் சிஸ்டர்.

"மெய்யாத்தான் சிஸ்டர், ஜீப்புல ஏறயில குதிரையாட்டம் ஓடுச்சு."

ஒரு நாள் முழுக்க நெஞ்சில் மெஷின் மாட்டி அனுப்பினார்கள். அன்றைக்கு என்று பார்த்து அது வரவே இல்லை. மாத்திரை கொடுத்தார்கள். அதைப் போட்டால் தூக்கம் சொக்குகிறது என்றாள்.

தோட்டத்தில் கங்காணி கறாராகச் சொல்லிவிட்டார்: "வியாதின்னா டாக்டர் சொல்லணும். நடிப்புன்னா வீட்லயே நடி. இனிமே உனக்கு நெரை கெடையாது." ஆளுக்கு ஆள் பறிக்கப் பிரித்துக் கொடுக்கிற செடி வரிசைதான் நிரை. தினக்கூலிதான் அவளுக்குச் சோறு. வீட்டில் வேறு யாரும் இல்லை.

2. பாண்டியின் புகார்

அடுத்த தடவையும் பேப்பர் நன்றாகவே வந்தது. ராசம்மா அழுதாள். அப்போது பாண்டி வாசலில் நின்று டாக்டரம்மாவிடம் சண்டைக்கு வந்தான்.

"டாக்டரம்மா, இந்தக்காவ ஆம்புலன்ஸ்ல கூட்டியாரச் சொல்லுங்க. ஒவ்வொரு வாட்டியும் பெருமாள்மலைக்கு முன்னால வளைவுல வாந்தி எடுத்து என் சீட்டையே நாறடிக்குது. கழுவிக் கழுவி ரெக்சின் வெளுத்துப் போச்சு!"

"ஏலே, வாந்தி என்ன கேட்டுக்கிட்டா வருது?" என்றாள் ராசம்மா.

டாக்டரம்மா எழுந்துவிட்டார். "வாந்தி எடுத்த பெறகு நெஞ்சு எப்படி இருக்கும்?"

"அதுக்கப்புறம் நின்னுரும்மா. அப்பாடான்னு இருக்கும்."

டாக்டரம்மா சிரித்த சிரிப்பு வராண்டா வரை கேட்டது. இந்த மாதிரி ஓட்டம், முக்கினாலோ வாந்தி எடுத்தாலோ சில பேருக்கு டக்கென்று நின்றுபோகுமாம். எங்கள் மலைரோடு வைத்தியம் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தது. நாங்கள் மிச்சத்தைப் படம் பிடித்துவிட்டு ஒன்றுமில்லை என்றோம்.

"அடுத்த தடவ வாந்தி இல்லாம கொண்டு வா பாண்டி. முன்சீட்டு, மெதுவா ஓட்டு. மயக்கம் வந்தாலோ நெஞ்சு வலிச்சாலோ வாந்தியத் தடுக்க வேண்டாம், வெரசா வந்துரு." பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க பண்ணைக்காடுதானே? வழியில ஏறிக்கிட்டு பேச்சுக் குடுத்துக்கிட்டே வாங்க."

நானா? பேச்சா? எனக்கே படபடப்பு வந்துவிட்டது.

3. வளைவுகள்

ஒரு நாள் வெள்ளனே டூட்டிக்குப் பண்ணைக்காட்டில் நின்றேன். ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. "ஆயாம்மா, ஏறுங்க! ஓடுது!" முன்சீட்டில் ராசம்மா எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். அவள் கழுத்து நரம்பு துடிப்பது எனக்கே தெரிந்தது. பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தேன்.

முதல் வளைவிலேயே அவள் முகம் வெளுத்தது. "அக்கா, வருதே..."

"பேசுங்க ஆயாம்மா, பேசுங்க!" என்று கத்தினான் பாண்டி.

வாயில் வந்ததைச் சொன்னேன். யாரிடமும் சொல்லாதது. என்னைப் பெண் பார்க்க வந்தபோது வெட்கத்தில் தலை நிமிரவில்லை. யார் கால் என்று பார்க்காமல் தரகர் காலில் விழுந்து கும்பிட்டுவிட்டேன். அவரும் பதறாமல் "தீர்க்காயுசா இரு" என்று ஆசீர்வாதம் செய்தார்.

"மாப்ள என்ன செஞ்சாரு?"

"அவரு காலை உள்ள இழுத்துக்கிட்டாரு, எங்க தன் காலிலயும் விழுந்துருவேனோன்னு."

ராசம்மா சிரித்தாள். பாண்டி ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்ததில் ஜீப் ஒரு ஆட்டம் ஆடியது. "ஏலே, ரோட்டப் பாரு!" என்று நான் போட்ட சத்தம், என் ஆயுசிலேயே பெரிய சத்தம். அதற்குப் பிறகு வாய் நிற்கவில்லை. பெருமாள்மலை தாண்டியதுகூடத் தெரியவில்லை.

4. ஊதல், ஊசி

ராசம்மாவைப் படுக்கவைத்தோம். மெஷினில் கோடு தையல் மெஷின் ஊசி மாதிரி நெருக்கமாக ஓடியது. "சிக்கிருச்சு!" என்று சிஸ்டர் கை தட்டினார். நெஞ்சு ஓடுகிறது என்பதற்கு ரூமே சந்தோஷப்பட்டதை அன்றுதான் பார்த்தேன்.

முதலில் வெறும் சிரிஞ்சைக் கொடுத்து உள்ளே தண்டு நகர்கிற மாதிரி ஊதச் சொன்னார் டாக்டரம்மா. ஊதி முடித்ததும் தலையைச் சாய்த்து, காலைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். கால் தூக்குகிற சோலி எனக்கு. ராசம்மா ஊத வாயைக் குவித்தாள், வாசலில் பாண்டியும் கன்னத்தை உப்பினான். அவள் பொத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். அவனை விரட்டிவிட்டு மறுபடி ஊதினாள். சேலையை ஒதுக்கி, கண்ணை மூடிக்கொண்டு காலைத் தூக்கினேன். நிற்கவில்லை.

அப்புறம் ஊசி. "கொஞ்ச நேரம் நெஞ்சில கல்லு வச்ச மாதிரி இருக்கும், பயப்படாதீங்க" என்று சொல்லி டாக்டரம்மா வேகமாக ஏற்றினார். கோடு நேராகப் படுத்துவிட்டது.

"அக்கா, நான் போறேன்" என்றாள் ராசம்மா. என் உயிரும் கூடவே போனது.

டிக். இன்னொரு டிக். அப்புறம் ஒழுங்காக வந்தது.

"ஏ, வந்துட்டேன்!" என்றாள்.

5. மதுரை

அந்தப் பேப்பரைப் பார்த்துத்தான் மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். துணைக்கு நான் போனேன். நெஞ்சைக் கிழிக்கவில்லை. தொடை இடுக்கு நரம்பு வழியாக வயர் விட்டு, இதயத்துக்குள் கரண்ட் சுற்றிச் சுற்றி ஓடுகிற தப்பு வழியைச் சுட்டுவிட்டார்கள். சுடுவதற்கு முன்னால் எது தப்பு வழி என்று கண்டுபிடிக்க, வயரால் அவர்களே நெஞ்சை ஓட விட்டுப் பார்த்தார்களாம். மரத்துப்போகும் ஊசிதான், ராசம்மா முழித்துக்கொண்டுதான் இருந்தாள்.

வெளியே வந்து என் கையைப் பிடித்தாள். "அக்கா, அவுகளே ஓட விட்டாக. 'அந்தா, அதேதான், அதேதான்'னு கத்திட்டேன். டாக்டரு சொன்னாரு, 'ஆமாம்மா, இதேதான்'னு." அதைச் சொல்லும்போதுதான் அழுதாள்.

கங்காணி நிரை கொடுத்துவிட்டார். இப்போதும் பழம் பறிக்கிறாள்.

பிள்ளைகளே, வருகிறவர்களின் பேப்பர் நன்றாக இருந்தால், வழியில் என்ன நடந்தது என்று கேளுங்கள். கூட வந்தவனையும் கேளுங்கள். எல்லாப் படபடப்பும் ஒன்றில்லை. வீட்டில் வாந்தி எடுக்கவைத்துப் பார்க்காதீர்கள்.

ஊசியின் பேரை எழுத எனக்குத் தெரியவில்லை. சிரிஞ்சு ஊதுவதையும் வயர் வைத்தியத்தையும் சரியாகச் சொன்னேனா என்று டாக்டரோ சிஸ்டரோ பார்த்துத் திருத்தித் தாருங்கள். ராசம்மா பொய் சொல்லவில்லை என்பதைத் திருத்த வேண்டாம். அது ஓடியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.