களிமண் மலைக்கோட்டை

அம்மா இறந்த பிறகு அப்பா என்னை ஸ்ரீரங்கத்தில் அத்தை வீட்டில் விட்டுவிட்டு மெட்ராஸுக்கு வேலைக்குத் திரும்பிவிட்டார். எனக்கு அப்போது ஒன்பது வயது. நவராத்திரிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். கொலுப்படிக்குக் கீழே, தரையில், களிமண்ணால் ஒரு மலைக்கோட்டை செய்துவைப்பது என்று தீர்மானித்தேன். அதைப் பார்த்தால் என்னையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்பது என் கணக்கு.

மலை சுலபமாக எழும்பிவிட்டது. படிகள்தான் படியவில்லை. ஒன்று அகலமாக வந்தது, அடுத்தது கோணிக்கொண்டது. ஒரு படி பிசகினாலும் மொத்த மலையையும் இடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். சாயங்காலமானால் அத்தை பெண்கள் பட்டுப்பாவாடை சரசரக்க மற்ற வீட்டுக் கொலுவுக்குக் கிளம்புவார்கள்.

"வாயேண்டி, எல்லாராத்துலயும் சுண்டல் தருவா."

"நாளைக்கு வரேன்" என்பேன். சில நாளில் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். விளக்கேற்றிய கூடத்தில் நானும் பொம்மைகளும்தான் இருப்போம். அவை நேராக என்னையே பார்த்துக்கொண்டிருந்தது கொஞ்சம் துணையாக இருந்தது.

சரஸ்வதி பூஜையன்று காலை மலை காய்ந்து நடுவே வெடித்திருந்தது. அப்பா வரும் நாள். இடித்துக் கட்ட நேரமில்லை. வெடிப்பில் விரலை வைத்தபடி உட்கார்ந்துவிட்டேன். அத்தையின் கடைசிப் பெண், நாலு வயது, ஒரு புலி பொம்மையைக் கொண்டுவந்து அதற்குள் செருகினாள்.

"இது குகை. புலி தூங்கறது."

வந்தவர்களெல்லாம் குகையைத்தான் மெச்சினார்கள். அவர்கள் மெச்ச மெச்ச எனக்கு அவமானமாக இருந்தது. அப்பாவும் வந்து குனிந்து பார்த்து, "குகை நன்னாருக்கே" என்றார்.

விஜயதசமியன்று சாயங்காலம் அவர் ரயிலுக்குக் கிளம்பினார். என்னைக் கூட்டிப்போவது பற்றி யாரும் பேசவில்லை. மலைதான் பிசகிவிட்டது, இதுவாவது பிசகக் கூடாது என்று ஸ்டேஷனில் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றேன். அப்பா என் தலையைத் தடவினார். சிரித்தேன். அவர் ஏறி உட்கார்ந்ததும் கையைக்கூட ஆட்டினேன்.

ஜன்னல் வழியாக அப்பா அத்தையிடம், "அழவே இல்லையே, அக்கா" என்றார். குரல் சரியாக எழும்பவில்லை.

"சமத்துடா அவ" என்றாள் அத்தை.

அப்பா முகத்தை உள்பக்கம் திருப்பிக்கொண்டார். ரயில் நகர்ந்தது. அவர் என்னைப் பாராட்டிவிட்டுப் போகிறார் என்றே நினைத்துக்கொண்டு, வீடு வரை நிமிர்ந்து நடந்தேன்.