பூவிழி பார்த்த நல்ல இருட்டு

பூவிழிக்குத் தண்ணீர் மின்னினால் சந்தோஷம். கடலோர அனுமந்தையில் மீனவர் வீட்டில் பிறந்தவள் வேறெப்படி இருப்பாள்? அலை நீலமாக மின்னும் இரவில் வலைக்குள் ஓடும் மீன்கூடத் தெரியும், நல்ல மீன்பாடு கிடைக்கும் என்று அப்பா சொல்லிச் சொல்லி வளர்த்தவள்.

அதனால்தான், மரக்காணம் உப்பளங்களுக்குப் பக்கத்திலிருக்கும் இறால் குஞ்சு பொரிக்கும் ஹேச்சரியில் சேர்ந்த புதிதில், கரண்ட் போன ஒரு மாலையில் குஞ்சுத் தொட்டி மின்னியதைப் பார்த்துப் பூரித்துப்போனாள். யாரிடமும் வாய் திறக்கவில்லை. கண் பட்டுவிடுமாம்! காலையில் குஞ்சுகள் அத்தனையும் அடியில் செத்துக் கிடந்தன.

மின்னியது கிருமி. இன்னொரு தொட்டி போனால் உன் வேலையும் போகும் என்றார் மேனேஜர் பஞ்சநாதன். வேலையைவிடக் குஞ்சுகளை நினைத்துத்தான் அவளுக்கு அழுகை வந்தது.

தண்ணீர் பரிசோதிக்க வரும் கிருபா மேடம் விளக்கினார். இந்த பாக்டீரியா ஒவ்வொன்றும் ஏதோ ஒன்றைத் தண்ணீரில் கசியவிடுமாம். கூட்டம் பெருகப் பெருக அதுவும் தண்ணீரில் சேரும். ஓர் அளவைத் தாண்டியதும், அதுவரை சும்மா கிடந்த மரபணுக்களை எல்லா பாக்டீரியாவும் ஒரே நேரத்தில் படியெடுத்து வேலைக்கு விடும். வெளிச்சமும் வரும், விஷமும் வரும்.

"ஆளு சேர்ந்தாத்தான் அதுங்களுக்குத் தைரியம்," என்றார் கிருபா.

தெருச் சண்டை பார்த்து வளர்ந்த பூவிழிக்கு அது உடனே புரிந்தது. அன்றிலிருந்து தினமும் உச்சிவெயிலில் தொட்டியைக் கறுப்புத் தார்ப்பாயால் மூடி, உள்ளே தலையை விட்டு, அந்த இருட்டில் தண்ணீர் மின்னுகிறதா என்று பார்ப்பாள். உள்ளே சினிமா ஓடுகிறதா என்று கூட வேலை செய்பவர்கள் கிண்டலடித்தார்கள்.

போன மாதம் மறுபடி லேசாக மின்னியது. ஓடிப்போய்ச் சொன்னாள். பிளீச்சிங் பவுடரைக் கொட்டிக் குஞ்சுகளோடு தொட்டியைக் காலி செய்யச் சொன்னார் பஞ்சநாதன். கிருபாவோ போனில், இப்போதுதானே ஆரம்பம், தண்ணீரை மாற்றுங்கள், அந்தக் கசிவைத் தின்கிற நல்ல பாக்டீரியாவை ஊற்றுங்கள் என்றார்.

"ஒரு நாள் குடுங்க சார். குஞ்சு செத்துச்சுன்னா நானே வேலைய விட்டுப் போயிடுறேன்."

பஞ்சநாதன் அரைமனதாகத் தலையாட்ட, அன்றே தண்ணீரை மாற்றி நல்ல பாக்டீரியாவை ஊற்றினாள். மறுநாள் மதியம் தார்ப்பாய்க்குள் தலையை விட்டாள். கண் இருட்டுக்குப் பழகும்வரை காத்திருந்தாள். பொறுக்க மாட்டாமல் பஞ்சநாதனும் பக்கத்தில் தலையை நுழைத்தார்.

"எனக்கு ஒண்ணுமே தெரியல பூவிழி."

"எனக்கும்தாங்க சார்."

டார்ச் அடித்தாள். வெளிச்சம் விழுந்த இடத்தில் குஞ்சுகள் வந்து மொய்த்தன. வெளியே வந்தவள், ஹேச்சரி முழுக்க ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டே போனாள். கண் பட்டால் படட்டும்.