ஒரு சம்பவம், மூன்று சாட்சி

அண்ணியின் அறைச் சுவரில் நல்ல சாவு செத்த ராஜா ஒருத்தனும் கிடையாது. ஜன்னலிலிருந்து அலமாரி வரை ஒரு நீளத் தாள், அதில் நாற்பது வாரத்துக்கான பாடம். மூன்றாம் வாரம் முற்றுகை, ஏழாம் வாரம் பஞ்சம், பன்னிரண்டிலிருந்து பதினைந்து வரை உலகப் போர். நடுவில் மூச்சு விட ஒரு வாரம், நகராட்சி எப்படி நடக்கிறது என்று.

"இந்த ரூமுக்குள்ள வந்தாலே ரத்த வாடை அடிக்குது அண்ணி" என்பேன்.

"அத யாரு சொல்றது பாரு" என்பாள். நியாயந்தான். நான் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் நர்ஸ்.

அண்ணன் கப்பலில் வேலை பார்க்கிறான். வீட்டில் நானும் அண்ணியும்தான். என்னைவிட இரண்டே வயது மூத்தவள். பதினொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தினாள். "பரீட்சைக்கு வராததை எதுக்கு நடத்துறீங்க?" என்று தலைமையாசிரியர் கேட்ட அன்று, சாக்பீஸ் டப்பாவை அவர் மேஜையில் கவிழ்த்துவிட்டு வந்துவிட்டாள். பிறகு, பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் படிக்க வைப்பவர்களுக்குப் பாடத்திட்டம் போட்டுக் கொடுக்க ஆரம்பித்தாள். ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை, வரலாறும் சமூக அறிவியலும். எட்டு வீடு கிடைத்தது.

எந்தப் பிள்ளைக்கும் முதல் வேலை ஒன்றுதான்: ஒரு சம்பவம், மூன்று சாட்சி. வீட்டிலோ தெருவிலோ நடந்த ஒன்றை எடுத்துக்கொண்டு, பார்த்தவர்கள் மூன்று பேர் சொன்னதைத் தனித்தனியாக எழுத வேண்டும். யார் சொன்னது எங்கே இடிக்கிறது என்று கடைசியில் காட்ட வேண்டும். "பக்கத்து வீட்டுக்காரர் புளுகுறத கண்டுபிடிக்கத் தெரியாதவன், ராஜா புளுகினத எங்க கண்டுபிடிக்கப் போறான்?" என்பாள். பெரும்பாலும் பூனை தொலைந்த கதையும் தண்ணீர்க் குழாய்ச் சண்டையும்தான் வரும். அண்ணி திருத்திக் கையெழுத்துப் போட்டதும் ஃபைல் பெற்றோருக்குப் போகும். அவர்களும் கையெழுத்திட்ட பிறகுதான் கல்வி அலுவலகம் வாங்கும்.

எட்டு வீட்டில் ஒன்று மரக்கடைக்காரருடையது. "ஸ்கூலுக்கு அனுப்பினா பொண்ணுங்க கெட்டுப் போயிடும்" என்று பதினாறு வயது மகளை வீட்டில் வைத்திருந்தார். கெட்டுப்போகும் என்பதற்காக அல்ல, காயங்களை யாராவது பார்த்துவிடுவார்கள் என்பதற்காக. இது எனக்கு முன்பே தெரியும். போன வருஷம் அவர் மனைவி உடைந்த கையோடு வந்தபோது டியூட்டியில் இருந்தவள் நான். குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்றாள். வழுக்கி விழுகிறவர்கள் கையை ஊன்றுவார்கள், பெரும்பாலும் மணிக்கட்டுதான் உடையும். அவளுக்கு முன்கையின் நடுவில் உடைந்திருந்தது. தலையில் விழ வந்த அடியைக் கையால் தடுத்தால் அப்படி உடையும். தெரிந்தும் சீட்டில் "வழுக்கி விழுந்தது" என்றே எழுதினேன். வெளியே புருஷன் நின்றிருந்தார், வரிசை நீளமாக இருந்தது. இப்போது நினைத்தால் என் கையையே உடைக்கத் தோன்றுகிறது.

மகள் எடுத்துக்கொண்ட சம்பவம் "அம்மாவின் கை உடைந்த நாள்". ஒரு திங்கட்கிழமை ஃபைலைக் கொடுத்தாள். அந்த வாரம் எட்டு ஃபைலும் ஒன்றாக வந்து சேர்ந்தன. அடுத்த வருஷத் திட்டத்தையும் அண்ணி போட்டுக்கொண்டிருந்தாள். ஆயிரம் வேலைக்கு நடுவில் அவளுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு, ஐந்து டிக். தேதி, இடம், சாட்சியின் உறவு, சாட்சியின் கையெழுத்து, முடிவுரை. முதல் சாட்சி அம்மா, வழுக்கி விழுந்தேன் என்கிறாள். பாவம் என்று நினைத்துக்கொண்டு அண்ணி பக்கத்தைப் புரட்டினாள். ஐந்து டிக்கும் விழுந்தன. "அமைப்பு மிக நன்று" என்று எழுதி, வியாழக்கிழமை தேதி போட்டு, கையெழுத்துக்காக அப்பாவின் கடை விலாசத்துக்கே கூரியரில் அனுப்பினாள்.

இரண்டாவது சாட்சி மாடியில் குடியிருக்கும் தையல்காரர். கட்டை விழுகிற சத்தம் முதலில் கேட்டது, அழுகை பிறகுதான் என்று சொல்லியிருந்தார். மூன்றாவது சாட்சி மகளேதான். "அப்பா கையில் மரச்சட்டம் இருந்தது. நான் கதவுக்குப் பின்னால் நின்று எண்ணினேன். ஆறு அடி."

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு மரக்கடைக்காரர் கடையில் உட்கார்ந்து அதைப் படித்தார். பன்னிரண்டு அடிப்பதற்குள் தாயும் மகளும் செருப்பில்லாமல் எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார்கள். மகளின் புருவம் பிளந்து ஒரு கண் முழுக்க ரத்தம். தாய்க்கு மறுபடி அதே கை. தாழ்ப்பாளைப் போட்டேன். கடப்பாரையின் முதல் குத்தில் கதவுப் பலகை பிளந்தது, மூன்றாவதில் ஆள் உள்ளே வந்துவிட்டார்.

"எம் பொண்ணுக்கு என்னடி எழுதச் சொல்லிக் குடுத்த? அடியாத மாடு படியாது, தெரியுமா உனக்கு?"

மகளைப் பிடிக்கப் போனார். அண்ணி குறுக்கே நின்றாள். கடப்பாரை அவள் தோளில் இறங்கியது, எலும்பு முறிந்த சத்தம் எனக்கு நன்றாகவே கேட்டது. முறிந்த தோளோடும் அவள் நகரவில்லை. அடுத்து முஷ்டியால் வாயில் குத்தினார். இரண்டு பல் தரையில் விழுந்தன.

இஸ்திரிப் பெட்டி மேஜையில் இருந்தது. முட்டியில் எங்கே அடித்தால் ஆள் எழுந்திருக்க மாட்டான் என்பது நான் வேலையில் கற்றது. ஓங்கிப் போட்டேன், விழுந்தார். விழுந்த பிறகும் ஒன்று போட்டேன். அது தேவையில்லாத அடி. அதற்காக நான் வருத்தப்படவில்லை.

தெருவே கூடி அவர்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஆஸ்பத்திரியில் புருவத்துக்கு ஏழு தையல். தாய்க்கும் அண்ணிக்கும் கட்டுப் போட்டு, சாயங்காலம் எல்லோரும் ஸ்டேஷனில் இருந்தோம்.

அவர் முட்டியில் ஐஸ் வைத்துக்கொண்டு, நல்ல பிள்ளைபோல் பேசினார். "ஓடும்போது விழுந்துட்டா மேடம். ஃபைலுமில்ல ஒண்ணுமில்ல. என் மேல இருக்கிற கோவத்துல இந்த டீச்சர் கட்டிவிடுற கதை." ஃபைலை அவர் கடைக் கொல்லையில் கொளுத்திவிட்டு வந்திருந்தார்.

பெண் எஸ்.ஐ. பேனாவை மூடிவிட்டு அண்ணியைப் பார்த்தாள். "கதவ உடைச்சதுக்கு இன்னிக்கு உள்ள வைப்போம். நாளைக்கே ஜாமீன்ல வந்துடுவாரு. பொண்ணு திரும்ப அந்த வீட்டுக்குப் போகணுமா வேணாமாங்கறதுக்கு எனக்கு ஆதாரம் வேணும். இன்னிக்கு சண்டைக்கு முன்னாடியே அவ அத எழுதியிருந்தாளா? நீங்க பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை என்று சொன்னால் அண்ணியை யாரும் குறை சொல்லப் போவதில்லை. பார்த்தேன் என்றால் அடுத்த கேள்வி என்னவென்று அவளுக்குத் தெரியும். பாக்கி ஏழு வீடும் மறுநாளே கையைக் கழுவிவிடும். ரத்தத்துக்காக வாயில் அழுத்தியிருந்த துணியை அவள் எடுத்தாள்.

"பார்த்தேன். போன வாரம் திங்கக்கிழமை எங்கிட்ட குடுத்தா. வியாழக்கிழமை நான் கையெழுத்துப் போட்டேன். மூணு சாட்சி இருந்துச்சு. மாடி வீட்டுத் தையல்காரர் கையெழுத்தும் இருந்துச்சு, அவரக் கூப்பிட்டுக் கேளுங்க."

"என்ன எழுதியிருக்குன்னு தெரிஞ்சேவா அந்த ஆளுக்கு அனுப்புனீங்க?"

"படிக்கல. டிக் மட்டும் போட்டேன். அப்படியே எழுதிக்குங்க."

பிறகு நானும் சொன்னேன், போன வருஷத்துச் சீட்டையும், அதில் நான் எழுதிய பொய்யையும். வேலை போனால் போகட்டும் என்று இருந்தது. எஸ்.ஐ. இரண்டையும் எழுதிக்கொண்டாள்.

"போய்த் தங்க இடம் இருக்கா?" என்று தாயிடம் கேட்டாள்.

"எங்க அக்கா வீடு இருக்கு" என்றாள் தாய். "நானும் இவகூடவே போயிடறேன். கையப் பத்தி எழுதணும்னா எழுதிக்குங்க. வழுக்கியெல்லாம் விழல."

மகள் அம்மாவைப் பார்க்கவில்லை. தையல் போட்ட முகத்தைத் திருப்பி அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க படிக்கவே இல்லையா மிஸ்?"

இல்லை என்று அண்ணி தலையை ஆட்டினாள்.

"நீங்க படிப்பீங்கன்னுதான் எழுதினேன்" என்றாள் அந்தப் பெண். "படிச்சிட்டுக் கூப்பிடுவீங்கன்னு ஒரு வாரமும் போன் பக்கத்துலயே உக்காந்திருந்தேன்."