தானாய் முளைத்த சுரை

சுரை இலையைக் கசக்கி முகர்ந்தால் வருகிற பச்சை வாடை, சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் பொழுது சாயும்வரை கையைவிட்டுப் போகாது. அரிமளத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டுக் கொல்லையில், யுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு வருஷம், குப்பைமேட்டில் அப்படியொரு கொடி தானாய் முளைத்தது. யாரும் விதை போடவில்லை. எனக்கு அப்போது எட்டோ ஒன்பதோ வயது.

அம்மாவை நாங்கள் ‘ஆத்தா’ என்றுதான் கூப்பிடுவோம். ஆத்தாவுக்குப் பிள்ளைகளை விடக் கொல்லையின் மேல்தான் பாசம் என்று அப்பா கேலி செய்வார். அதில் பொய்யும் அதிகம் இல்லை. அரிசி கழுவிய ‘கழனித் தண்ணி’யில் ஒரு சொட்டு வீணாகாமல் கீரைப் பாத்திக்குப் போகும். புடலம்பிஞ்சு நேராக வளர அதன் நுனியில் கல் கட்டித் தொங்கவிடும் வேலை என்னுடையது. அரிசிக்குத் தட்டுப்பாடு வந்து வீட்டில் வரகுச் சோறு பொங்கிய காலம் அது. ஆனாலும் பறித்த கையோடு கடைந்த கீரையும், நாலு சின்ன வெங்காயம் தட்டிப்போட்ட அவரைக்காயும் இலையில் விழுந்தால் வரகு என்ற நினைப்பே வராது. பிஞ்சைப் பார்த்து விரல் நீட்டினால் அழுகிவிடும் என்பார்கள், அதனால் விரலை மடக்கித்தான் காட்டுவோம்.

அந்த வீட்டில்தான் சித்தியும் இருந்தாள். அப்பாவின் தம்பி, அதாவது என் சித்தப்பா, பர்மாவில் வேலையாக இருந்தவர்; குண்டு விழுந்ததும் காடு மலையெல்லாம் நடந்து, எலும்பும் தோலுமாக வீடு வந்து சேர்ந்தார். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் பிள்ளையில்லாத சித்தி, வயிறு திறந்தால் எங்கள் கொல்லையில் அடுத்துக் காய்க்கிற முதல் காயைச் சமைத்துக் கண்மாய்க்கரை அய்யனாருக்குப் படைத்து, படைத்த இலையை மிச்சம் வைக்காமல் அங்கேயே சாப்பிடுவதாக நேர்ந்துகொண்டாள். சாமி கேட்டுவிட்டது. சித்திக்கு நாள் தள்ளிப்போன அதே சமயத்தில்தான் குப்பைமேட்டில் சுரை முளைத்தது. பிறகு ஆத்தாவைக் கையில் பிடிக்க முடியுமா? விதைக்காமல் வந்த கொடி சாமி கொடுத்த கொடி என்று முடிவு கட்டி, அதற்கு மஞ்சள் தண்ணீர் தெளித்துத் தனியாகப் பந்தல் போட்டாள்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. அவரை வாடியது, புடலை சுருண்டது, சுரை மட்டும் கருகருவென்று ஏறியது. கண்ணில் பட்டதையெல்லாம் மேய்கிற எங்கள் ஆடு அதன் இலையை ஒருதரம் கடித்து, தலையை உதறிக்கொண்டு போனது. அணில் பந்தலில் ஓடும், பிஞ்சில் வாய் வைக்காது. பக்கத்து வீட்டுப் பொன்னம்மாள் இதைப் பார்த்து ஒருமாதிரியாக முகம் சுளித்தாள். ஆத்தாவோ, சாமி சொத்தில் வாயில்லா ஜீவன்கூட வாய் வைக்காது என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள். எனக்கு மட்டும் அந்தப் பந்தலுக்கடியில் போக ஏனோ பிடிக்கவில்லை.

சித்திக்கு ஐந்தாம் மாதம் நடந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை வண்டி கட்டிக்கொண்டு கிளம்பினோம். கோயிலுக்குப் போவதென்றால் எங்களுக்குத் திருவிழாதான்; புளியமர நிழலில் அடுப்புக் கூட்டி, சுள்ளி பொறுக்கி, வற்றிய கண்மாயின் ஊற்றில் தண்ணீர் மொண்டு வந்தோம். ஆத்தா சுரைக்காயை அரிந்து, பாசிப்பருப்பும் தேங்காயும் போட்டுக் கூட்டு வைத்தாள். படையலுக்கு உப்புப் பார்க்கக் கூடாது. மூக்குக்கும் வாய்க்கும் சேர்த்துத் துணி கட்டிக்கொண்டுதான் ஆத்தா கிளறினாள்.

படைத்த இலை முதலில் நேர்ந்துகொண்டவளுக்கு. சித்தி சாமியைப் பார்த்தபடி உட்கார்ந்து முதல் கவளத்தை வாயில் வைத்தாள். கண்ணில் தண்ணீர் கோத்தது. பக்தி என்று நினைத்து ஆத்தாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சித்தி நிமிரவே இல்லை. இலையை வழித்துச் சாப்பிட்டு எழுந்தாள்.

பிறகுதான் மற்றவர்களுக்குப் பரிமாறினார்கள். அப்பா ஒரு வாய் வைத்தவர் அப்படியே துப்பினார்.

“காயைத் தொடாதீங்க யாரும். பேய்ச்சுரை. விசமாக் கசக்குது.”

எல்லோரும் சித்தியைத் திரும்பிப் பார்த்தோம். அவள் ஊற்றங்கரையில் கை கழுவிக்கொண்டிருந்தாள். சித்தப்பா ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் வாந்தி தொடங்கிவிட்டது. வண்டி ஊர் வருவதற்குள் அதில் ரத்தமும் வந்தது. ஆத்தா சித்தியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, வாயில் வந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டாள், அய்யனாரை மட்டும் கூப்பிடவில்லை.

வைத்தியர் மோரும் மருந்தும் மாற்றி மாற்றிக் கொடுத்துச் சித்தியைக் காப்பாற்றினார். பிள்ளை தங்கவில்லை. அதற்குப் பிறகு அவளுக்குப் பிள்ளையே பிறக்கவில்லை.

சித்தி எழுந்து உட்கார முடிந்த அன்று ஆத்தா கஞ்சி கொண்டுபோனாள். முதல் வாயிலேயே தெரிந்திருக்குமே, ஏன் துப்பவில்லை என்று கேட்டுவிட்டு அழுதாள். சித்தி மெதுவாகத்தான் சொன்னாள்.

“தெரிஞ்சுச்சுக்கா. துப்புனா சாமி குடுத்ததைத் திருப்பி எடுத்துக்குருமோன்னு பயந்துட்டேன்.”

எச்சில் பார்ப்பதில் ஆத்தாவைப்போலக் கண்டிப்பானவள் எங்கள் தெருவில் கிடையாது. அப்படிப்பட்டவள் சித்தியின் கிண்ணத்திலிருந்து ஒரு வாய் கஞ்சியைத் தான் குடித்து, கொஞ்ச நேரம் காத்திருந்து, பிறகு அவளிடம் நீட்டினாள். சித்தியும் வாங்கிக் குடித்தாள். அதன்பின் இருவரும் கிழவிகளாகி உட்கார்ந்த காலம்வரை, சித்தியின் இலையில் முதல் வாய் ஆத்தாவுடையதுதான். பார்க்கிறவர்கள் சிரித்தார்கள். சாமிக்குப் படைப்பதைக்கூட ஆத்தா ருசி பார்த்துத்தான் படைத்தாள். ஒருவரும் கேட்கத் துணியவில்லை.

இன்று ஆத்தாவும் இல்லை, சித்தியும் இல்லை. கொல்லை இருந்த இடத்தில் சிமெண்டுத் தளமும் மோட்டார் வண்டி நிறுத்தும் கொட்டகையும் இருக்கின்றன. காய் கடையிலிருந்து பையில் வருகிறது. எந்தக் கொடியில் காய்த்தது, எந்த ஆடு அதை விட்டு விலகிப் போனது என்று யாருக்கும் தெரியாது. சுரைக்காய் வந்தால் நான் முதலில் ஒரு துண்டை அரிந்து நாக்கில் வைத்துப் பார்ப்பேன். என் பேரன் பெண்டாட்டி அதைப் பார்த்துச் சிரிக்கிறாள், எதற்கு என்று கேட்கிறாள். முழுகாமல் இருக்கிற பெண்ணிடம் எப்படிச் சொல்வது? கிழவிக்குப் பச்சைக்காய் ருசி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.